உங்க இஷ்டமுங்க

கோவையில் பம்பு வாங்கப் போனால் கம்பெனிப் பெயர்களிலேயே தலை சுற்றும். புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டருக்கும் அதே கதை. “இஷ்டத்துக்கு அசெம்பிள் பண்ணிக்கலாமுங்க” என்று விற்கிற கம்ப்யூட்டரில்தான் இஷ்டத்துக்குப் பஞ்சம். பிராசசரா? இன்டெல், இல்லாவிட்டால் ஏஎம்டி. ரேமில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளிருக்கும் சில்லு பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரில் ஒருவருடையது. அதிலும் மைக்ரான், ஏஐ தரவு மையங்களைக் கவனிக்க வேண்டுமென்று, தன் ‘குருஷியல்’ சில்லறை வியாபாரத்தை மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நாமெல்லாம் சில்லறைதானே! கம்ப்யூட்டர் விசிறியின் விளக்கில் மட்டும் குறையே இல்லை: 1,67,77,216 நிறங்கள். காந்திபுரம் கடைக்காரர் பெருந்தன்மையோடு கேட்கிறார்: “எந்தக் கலருங்க வேணும்?”