ஆளுக்கு எத்தனை வாட்?

ஒரு வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று தெரிந்துகொள்ளச் சொத்துப் பத்திரமெல்லாம் பார்க்க வேண்டாம். சாப்பிடும் நேரத்தில், "ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். ரசம் வருவதற்குள் தெரிந்துவிடும்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்களை மிதித்துக்கொண்டு போனது. தென்னை போச்சு, கூரை போச்சு, ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. இருட்டு எங்களுக்குப் புதிதில்லை. 2012-இல் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர மின்வெட்டில் தேறியவர்கள். தாங்க முடியாமல் போனது தண்ணீர்தான். கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மாடி டேங்கில் சொட்டு இல்லை. அப்போதுதான் குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஆட்கள் தெருத்தெருவாக வந்தார்கள். டேங்க் நிரப்ப ஒரு கூலி, செல்போன் சார்ஜ் போட ஒரு கூலி. ஊரில் அன்றைக்கு ஜெனரேட்டர்காரருக்கு இருந்த மரியாதை யாருக்கும் இல்லை. கல்யாண வயதில் பெண் வைத்திருந்த ஒருவர், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மெல்ல விசாரித்ததை நானே கேட்டேன்.

அன்று முதல் ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் பேச்சு எழும், தை பிறந்ததும் அடங்கிவிடும். போன வருஷம்தான் அது பேச்சைத் தாண்டியது. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி ஒரே வரியில் வேலை கொடுத்தார்: "மொதல்ல லிஸ்ட் போடுங்கண்ணே. எதெது ஓடணும், எத்தனை வாட்."

ஃபேன் மூன்று, ஒன்றுக்கு 75 வாட். விளக்குகளுக்கு மொத்தம் 100. இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து அம்மா டிவியைச் சேர்க்கச் சொன்னார்.

"ஊருக்கே கரண்ட் இல்லாதப்ப யாரும்மா சீரியல் பாக்கப் போறா?"

"நம்ம ஊர்லதானேடா கரண்ட் இல்ல? அவங்க ஊர்ல கதை நகந்துடும்ல?"

டிவி, 100 வாட். மனைவி தன் பங்குக்கு ஃப்ரிட்ஜ் 150, கிரைண்டர் 150, மிக்ஸி 750 என்று ஒப்பித்தாள். புயலில் யார் மாவரைப்பார்கள் என்று கேட்டேன். "கரண்ட் இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா ஒங்க தங்கச்சி குடும்பத்தோட வந்து எறங்கும். அவங்களுக்கு இட்லி வானத்துலேந்து விழுமா?" என்றாள். மகன் மோடத்துக்கும் லேப்டாப்புக்குமாக 75 வாட் கேட்டான். செல்போன் டவரே விழுந்து கிடக்கும்போது மோடம் யாரோடு பேசும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். அப்பா ஒன்றும் வேண்டாம் என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆசையை அடக்கியவர். கொஞ்ச நேரம் கழித்து, "அயர்ன் பாக்ஸ் மட்டும் போட்டுக்கோ" என்றார். அந்த 'மட்டும்' 1,000 வாட். புயல் அடித்த ஊரில் கசங்காத சட்டை அவருடையது ஒன்றாவது இருக்க வேண்டுமாம்.

கிணற்று மோட்டார் 1 குதிரைத்திறன். அதன் தகட்டில் 746 வாட் என்றுதான் இருக்கும். அது வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது 1,100 வரை போகும். கூட்டினால் 3,650 வாட். என் பங்கு செல்போன் சார்ஜர் மட்டுமே என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"கதை அதோட முடியலண்ணே" என்றார் எலக்ட்ரீஷியன். "மோட்டார் கெளம்புற நேரத்துல மூணு மடங்கு இழுக்கும், சிலது அதுக்கு மேலயும். மோட்டாரு மாப்பிள்ளை மாதிரி. வாசப்படி ஏறுறப்பத்தான் அவ்வளவு அலப்பறையும். உள்ள வந்து உக்காந்துட்டா கம்முனு இருக்கும்." ஃப்ரிட்ஜும் அதே சாதிதான், அளவு சிறிது. ஆக, ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுப்பது வீட்டின் மொத்தத் தேவையைப் பார்த்து அல்ல, அந்த ஒரு விநாடி அலப்பறையைப் பார்த்து.

கடைக்குப் போனால் அங்கே வாட் என்ற பேச்சே இல்லை, எல்லாம் கேவிஏ. 2 கேவிஏ என்றால் 2,000 வாட்தானே என்றேன். இல்லையாம், 0.8-ஆல் பெருக்க வேண்டுமாம்: 1,600. மீதி 400 பவர் ஃபேக்டரில் கழியும் என்றார் கடைக்காரர். நான் மாதச் சம்பளக்காரன். பிடித்தம் என்றால் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டேன்.

முதலில் காட்டியது இன்வெர்ட்டர் வகை. சூட்கேஸ் அளவு, இருபத்துச் சொச்சம் கிலோ, சத்தம் குறைவு, சுமை குறைந்தால் இன்ஜினும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலை மட்டும் குறையாது, என் மோட்டாரையும் அது கிளப்பாது. ஆனால் கையேட்டில் இருந்த ஒரு குறிப்பு பிடித்திருந்தது: சத்தத்தை 7 மீட்டர் தள்ளி நின்று அளந்திருந்தார்கள். எங்கள் கொல்லையிலிருந்து 7 மீட்டர் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை. அவருக்கு நல்ல தூக்கம் கிடைக்கும் என்று தெரிந்து மகிழ்ந்தேன்.

அடுத்தது 5 கேவிஏ. 4,000 வாட் தரும், மாப்பிள்ளை எத்தனை அலப்பறை பண்ணினாலும் தாங்கும். எடை எண்பது கிலோவைத் தொடும். "ஈஸியா தள்ளிக்கிட்டுப் போகலாம் சார், சக்கரம் இருக்கு" என்றார் கடைக்காரர். ஐப்பசிச் சேற்றில் எங்கள் கொல்லையை அவர் பார்த்ததில்லை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் ரகமும் இருந்தது. ரேஷன் நீல மண்ணெண்ணெயை அதற்கு ஊற்றுவது குற்றம். ஊற்றலாம் என்றாலும் இப்போது ரேஷனில் அது கண்ணில் பட்டால்தானே?

வீட்டுக்கு வந்து செலவுக் கணக்கு போட்டேன். இந்தச் சின்ன இயந்திரங்கள் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் தரும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் யூனிட் அறுபத்தைந்து ரூபாய்க்கு மேல். ஈபிக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டைச் சும்மா தருகிறார்கள். கணக்கைச் சபையில் வாசித்தேன். அரை மணி சீரியல், மூன்று ரூபாய்ச் சொச்சம். அம்மா அசரவில்லை, "சினிமாக் கொட்டாயைவிட மலிவுதான்" என்றார். சட்டைக்குப் பத்து நிமிஷம் பெட்டி போட்டால் பதினோரு ரூபாய் என்றதும் அப்பா நிமிர்ந்தார். தெருமுக்கு வண்டிக்காரர் கரிப்பெட்டியில் தேய்ப்பவர். அவருக்குக் கஜாவும் ஒன்றுதான், ஈபியும் ஒன்றுதான். 1,000 வாட் அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது.

எங்கே வைப்பது என்பது அடுத்த பஞ்சாயத்து. அப்பா திண்ணையைச் சொன்னார், மனைவி சமையல்கட்டுக்குப் பின்புற அறையைச் சொன்னாள். இரண்டும் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜன்னல் வழியாக நுழைந்தால் தூங்குகிறவர்களுக்கே தெரியாமல் ஆளை முடித்துவிடும். மழையிலும் நனையக் கூடாது. ஆகவே கூரை உள்ள, சுவர் இல்லாத, வீட்டுக்குத் தள்ளி ஓரிடம்: மாட்டுக் கொட்டகை. அம்மா மாட்டின் சார்பில் ஆஜரானார். "இந்தச் சத்தத்துல அது பால் கொடுக்குமா?" கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாகத் தகரச் சார்ப்பு போட ஒப்புக்கொண்டேன். ஜெனரேட்டர் விஷயத்தில் முதன்முதலில் வென்றது மாடு.

எலக்ட்ரீஷியன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒயரைத் தொட மாட்டேன் என்றார். ப்ளக்கில் நேரே சொருகினால் போதும் என்று தெருவில் இலவச யோசனை நிறைய கிடைத்தது. அப்படிச் சொருகினால் நம் கரண்ட் கம்பி வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் ஆகிக் கம்பத்தில் நிற்கும். கஜாவின்போது வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, சோறு தண்ணீர் பார்க்காமல் கம்பம் நட்ட லைன்மேன்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். சுவிட்ச் விலையைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் தீர்ப்பும் அவருடையதுதான். "ஜெனரேட்டரைப் பெரிசாக்காதீங்க, மோட்டாரைச் சின்னதாக்குங்க. ஒங்க கெணத்து ஆழத்துக்கு அரைக் குதிரையே போதும். டேங்க் ரொம்பக் கூட நேரம் ஆகும், அவ்வளவுதானே?" அரைக் குதிரை மோட்டாருக்கு 3 கேவிஏ தாங்கியது. மிக்ஸி ஓடும்போது மோட்டார் ஓடக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். பெட்ரோல் கேனில் தர பங்க்கில் யோசிக்கிறார்கள், வாங்கி வைத்தாலும் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டு கார்புரேட்டரில் பிசினாகப் படிகிறது. மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு வாட் கேட்காத ஒரே ஆளுக்கு வந்தது.

வண்டியிலிருந்து இறக்கிய மறுநாளே தங்கை போன் செய்தாள். "அண்ணா, மழைக்கு நாங்க அங்க வந்துடவா? அவரு வேற, ஏசி ஓடுமான்னு கேக்குறாரு."

நான் பதில் சொல்வதற்குள் மனைவி போனை வாங்கினாள். "தாராளமா வாங்க. ஆனா வந்து எறங்குற நேரத்தை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. மோட்டாரை நிறுத்தி வைக்கிறோம். ரெண்டையும் சேத்து ஸ்டார்ட் பண்ணா மெஷின் தாங்காது."