பின்சீட்டுல யாருலே உக்காரப் போறா?

வாலே மருமவனே, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. வண்டி எடுக்கப் போறியாம்லா, தங்கச்சி சொன்னா. வடாலா டிரக் டெர்மினல்ல லாரிக்குப் பாரம் பேசியே பாதி ஆயுசைப் போக்குன தாய்மாமன் ஒருத்தன் இங்கன வெத்திலை மென்னுக்கிட்டு இருக்கும்போது, நீ போன்ல படத்தைப் பாத்தே முடிவு பண்ணிட்ட. பெரிய ஆளுதான். காட்டு, பாப்பம். ஓ, ஹைலக்ஸா! 4 கதவு, பளபளன்னு சீட்டு, எதுக்க வாரவனை மொறைக்கிற மூஞ்சி. 2022-ல நம்ம நாட்டுல எறங்கினப்பவே 33.99 லட்சத்துலதான் வெலையே ஆரம்பிச்சுது. சரி, துட்டு ஒன் துட்டு, இல்லன்னா பேங்க்காரன் துட்டு. எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். செம்பூர் பிளாட்டுக்கும் மாட்டுங்கா கடைக்கும் அலமாரி அடிக்குத காண்டிராக்ட்காரன் நீ. இந்த வண்டியில பிளைவுட்டை எங்க வைப்ப? மடியிலயா?

மொகத்தைத் தூக்காத. எல்லாக் கம்பெனி வண்டிக்கும் உள்ள வழக்குதான் இது. சேஸிஸோட நீளம் இவ்வளவுதான்னு முதல்லயே முடிவாயிரும். பொறவு அதை முன்னால கேபினும் பின்னால பாடியும் பங்கு போட்டுக்கிடணும். நம்ம ஊர்ல அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பாத்திருக்கேல்லா? அண்ணன் திண்ணையை நீட்டிக் கட்டினா தம்பிக்குத் தொழுவம் சுருங்கும். ரெண்டு பேருக்கும் முழுசா வேணும்னா பக்கத்துப் பொறம்போக்குல கை வைக்கணும்.

அமெரிக்காக்காரன் அந்தப் பொறம்போக்குலதான் கை வச்சான். ஃபோர்டு எஃப்-150-ன்னு ஒரு வண்டி. அதுக்கு 3 தினுசுல கேபின். பாடியும் 3 நீளம்: அஞ்சரை அடி, ஆறரை அடி, 8 அடி. 4 கதவு பெரிய கேபினுக்கு ஆறரை அடி பாடியைச் சேத்தா வண்டி 20 அடியைத் தாண்டிரும். 4 கதவும் வேணும், 8 அடிப் பாடியும் வேணும்னு அடம் பிடிச்சா எஃப்-150-ல கெடையாது, அதுக்கு மூத்தவன் எஃப்-250-க்குப் போகணும். அது 22 அடி. அந்த ஊர்ல ரோடும் கெடக்கு, மைதானம் கணக்கா வாசலும் கெடக்கு, நிறுத்திக்கிடலாம். அங்கயும் கூத்து என்னன்னா, ஒரு காலத்துல ரெண்டு கதவும் 8 அடிப் பாடியுமா ஓட்டுன பயலுவதான் இன்னைக்கு 4 கதவும் அஞ்சரை அடியுமா வாங்குதானுவ. வைக்கோல் ஏத்துன இடத்துல இப்ப புள்ளைய ஏறி பள்ளிக்கூடம் போவுது. நாலு சாக்கு காய்கறி வாங்கிட்டு வரதுக்கு 6 மீட்டர் வண்டி!

ஆனா அந்த 8 அடி எதுக்கு வந்துதுன்னு தெரியுமா? நீ தெனம் கட்டிக்கிட்டு மாரடிக்குத அதே பிளைவுட்டாலதான். 8-க்கு 4 ஷீட்டு, அங்கயும் அதே அளவு. இங்க ரே ரோடு லக்டா பஜார்லயும் அதே அளவு. அங்க பெரிய பிக்கப்புல ரெண்டு சக்கர மேட்டுக்கும் நடுவுல 4 அடிக்குக் கொறையாம இடம் விட்டிருப்பான், ஷீட்டு தட்டாமப் படுக்கட்டும்னு. ஹைலக்ஸ் பின்னால எவ்வளவுன்னு அளந்தியா? ஏறக்குறைய 5 அடி நீளம். வி-கிராஸ் வண்டியும் அந்தக் கணக்குதான். மஹிந்திரா பொலீரோ கேம்பர் 5 அடிக்கும் உள்ளதான். மிச்சம் 3 அடி வெளிய நீட்டிக்கிட்டு வரும். சேப்புத் துணி ஒண்ணு கட்டினா ஆச்சுன்னுதான நெனைக்க? அதெல்லாம் எங்க காலம்லே. 2014-ல சட்டத்தைத் திருத்தி, பாடிக்கு வெளிய சரக்கு நீட்டப்படாதுன்னுட்டான். கம்பி குத்திச் செத்தவன் எத்தனை பேரு, சும்மாவா திருத்துனான்? 2019 சட்டத்துல அதுக்கு அவராதம் 20,000 ரூவா. அலமாரி ஒண்ணுல உனக்கு என்ன நிக்கும்? நீயே கணக்குப் போட்டுக்கோ. நம்ம பக்கத்து எம்எச்-03 ஆர்டிஓ ஆபீசு எங்க இருக்கு? இந்த டிரக் டெர்மினல்லயேதான். ஷீட்டை நீட்டிக்கிட்டு அவன் வாசல் வழியாத்தான் வீட்டுக்கே வரணும் நீ.

அவராதத்தை விடு. பாரம் பின் அச்சுக்கு அங்கிட்டுத் தொங்குனா முன்சக்கரம் லேசாயிரும். ஸ்டீயரிங் நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு கேக்கும். 18 மில்லி ஷீட்டு ஒண்ணு 30 கிலோவைச் சுத்தி வரும். 20 ஷீட்டு ஏத்திக்கிட்டு மழையில பிரேக் அடிச்சுப் பாரு, அந்தத் தோல் சீட்டுல உக்காந்து முருகா முருகான்னு கத்துவ. ஷீட்டு விளிம்பு தார்ப்பாய்க்கு வெளிய கெடந்து நனைஞ்சா ஊதிப் பெருத்து நிக்கும். கஸ்டமர் அம்மா வந்து தடவிப் பாத்துட்டு, பாக்கித் தொகையைப் பொறவு தாரேம்பா. அந்தப் பொறவு எப்ப வரும்னு உனக்கே தெரியும்.

அப்ப எதை எடுக்கன்னு கேக்க. டாடா ஏஸ் இருக்கு. 2005-ல வந்துது, ஊர்ல குட்டியானை, இங்க சோட்டா ஹாத்தி. தாராவிச் சந்துல அது நுழையாத மூலை இல்ல. ஆனா பாடி 2,200 மில்லிமீட்டர், அதாவது 7 அடிக்கு மூணு விரக்கடை கூட. உன் ஷீட்டுக்கு முக்கால் அடி தட்டும். இட்லி ஏவாரிக்கும் வாழை இலை ஏவாரிக்கும் அது லட்சுமி, உனக்கு இல்ல. அசோக் லேலண்டு தோஸ்த்துல 8 அடி ஷீட்டு அடங்கும். பொலீரோ பிக்கப்புல 9 அடி கெடைக்கும். மேக்ஸ் பிக்கப்புல பெரிசை எடுத்தா 10 அடி, 2 டன் வரைக்கும் தாங்கும். பாக்க லட்சணமா இருக்காது. பொண்ணு வீட்டு வாசல்ல நிறுத்தினா மாமனாரு சரக்கு எறக்க வந்தவன்னு நெனைச்சுக் கதவைத் தொறப்பாரு. தொறக்காருல்லா, அது போதும்.

இன்னொரு வித்தியாசம் சொல்லுதேன், இது எந்தப் படத்துலயும் காட்ட மாட்டான். அந்தப் பெரிய வண்டிக்குப் பின்கதவு ஒண்ணுதான் தொறக்கும், பக்கச்சுவரு அப்படியே நிக்கும். நம்ம தொழில் வண்டிக்கு மூணு பக்கமும் தட்டி இறங்கும். தாராவி 90 அடி ரோட்டுல போய் நில்லு. பேருதான் 90 அடி. கைவண்டி, டெம்போ, ஸ்கூட்டர், தட்டுக்கடை எல்லாத்தையும் கழிச்சுட்டு மிஞ்சுறது எவ்வளவுன்னு டேப் வச்சுப் பாரு. 60 அடி ரோட்டுக் கதையைச் சொல்லவே வேண்டாம். அங்க நீ வண்டியை நிறுத்துன உடனே பின்னால ஒருத்தன் ஒரு முழம் தள்ளி ஒட்டி நிப்பான். பின்கதவை எப்படித் தொறப்ப? பக்கத்தட்டியை எறக்கி, ஷீட்டைக் கைவண்டிக்கு மாத்தி, சந்துக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறவன் அரை மணியில வேலையை முடிச்சுருவான். நீ ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்ப.

என்ன? மழைக்கா? ஆமா, 700 மில்லிமீட்டர் தண்ணியில போகும்னு போட்டிருக்கான், நானும் பாத்தேன். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டுல வருசா வருசம் தண்ணி கட்டும்லா, உன் வண்டி கம்பீரமா உள்ள எறங்கும். சரி. முன்னால ஒரு ரிக்சாவும் ஒரு டாக்சியும் இஞ்சினு நின்னு கெடக்குமே, அதுக்கு மேல ஏறிப் போவியா? நீயும் நிக்கணும். என்ன, அவனுவ கணுக்கால் நனைய நிப்பானுவ, நீ ஏசி போட்டுக்கிட்டு நிப்ப.

சரி, விசயத்துக்கு வாரேன். ஆசாரிமார் 4 பேரு இருக்காவ, அவுகளை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டேல்லா. நல்ல கேள்வி. நீ கேட்டதுலயே உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். அவுகளைப் பாடியில ஏத்தி ஷீட்டு மேல உக்கார வைக்கலாம்னு மட்டும் நெனைச்சிராத. சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்தவனுக்கு அடிபட்டா இன்சூரன்ஸ்காரன் பொறுப்பில்லன்னு 2002-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. சரக்குக்குச் சொந்தக்காரனுக்கும் அவன் ஆளுக்கும் மட்டும் சட்டத்துல இடம் உண்டு. மத்தவன் கைகால் போனா நீதான் வீட்டை வித்துக் கட்டணும்.

அதனால பின்சீட்டு வேணும்ங்க. வேணும்தான். ஆனா அந்தப் பின்சீட்டு ஒனக்கு ஏற்கெனவே இருக்குலே! வடாலா ரோடு ஸ்டேசன்ல ஏறினா ஹார்பர் லைன் ஒரு பக்கம் குர்லா, செம்பூர், வாசி, பன்வேல் வரைக்கும் போவுது. இன்னொரு பக்கம் பாந்த்ரா, அந்தேரி, கோரேகாவ்னு போவுது. தெக்க ரே ரோடு மூணாவது ஸ்டேசன்லயே வந்துரும். ஆசாரி உளிப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பாசைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, உனக்கு முன்னால சைட்டுக்குப் போயி டீயும் குடிச்சு முடிச்சிருப்பான். நீ இன்னும் சயான் சர்க்கிள்லயே கெடப்ப. மனுசனை ஏத்திக்கிட ரயில்காரன் இருக்கான், 8-க்கு 4 ஷீட்டை எந்த லோக்கல்ல ஏத்துவ? சாமான் பெட்டியில மீன்காரி கூடையே வைக்க எடமில்லன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கா. அங்க போயி ஷீட்டை நிமித்தி வச்சுப் பாரேன். அவ வாயில விழுந்து எந்திரிச்சவன் எவனும் ஊரு திரும்புனதில்ல. ரயில் சுமக்காததைச் சுமக்கத்தான்லே நமக்கு வண்டி.

ராத்திரி வேலைன்னா? கடையைச் சாத்துன பொறவுதான் அலமாரி அடிக்கணும், 1 மணிக்கு மேல ரயிலும் கெடையாதுன்னு மடக்குத. கெட்டிக்காரன். ஆனா கடையைச் சாத்துன பொறவு உள்ள போன ஆசாரி வெளிய வாரதே காலம்பற பூட்டைத் தொறந்த பொறவுதான. மரத்தூள்ல பாயை விரிச்சுத் தூங்கிட்டு முதல் வண்டியைப் பிடிக்கான். அவனே கவலைப்படல, நீ ஏன் அவனுக்கு இத்தனை லட்சத்துல படுக்கை போடுத?

ஒரு இடத்துல நான் விட்டுக் குடுத்துருதேன், நியாயம் நியாயம்தான். 2024 ஜனவரியில சிவ்ரியில இருந்து கடலுக்கு மேல அடல் சேதுவைத் தொறந்தான்லா, கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். அதுக்கு அங்கிட்டு, ரயில் சரியா எட்டாத இடத்துல பங்களா வேலை பிடிச்சு, 4 ஆசாரி, மெஷினு, சோத்துச் சட்டி எல்லாத்தையும் தெனம் கொண்டு போயி வரணும்னா, அப்ப 4 கதவு எடு. அப்பவும் கேம்பரை எடு. ஷீட்டைக் கடைக்காரனே டெம்போ பேசி நேரா சைட்டுல எறக்கட்டும். அந்தக் கணக்கு சரி. ஆனா போன வருசம் பாலத்துக்கு அங்கிட்டு எத்தனை வேலை பாத்த? ஒண்ணு. அதுவும் உன் சகலைக்கு, அதுவும் கடனுக்கு.

ஒன்றரைக் கேபின்னு ஒண்ணு இருக்காம்லா, வெளிநாட்டுல. ரெண்டு சீட்டுக்குப் பின்னால ஒரு குட்டி பெஞ்சு, பாடியும் கொஞ்சம் நீளம். ரெண்டு பக்கமும் தலையாட்டுதவன் வாங்குத வண்டி அது. அந்தப் பெஞ்சுல ஆசாரி உக்காந்தா முழங்கால் காதுல இடிக்கும்.

இன்னும் ஒண்ணு, இது உன் நன்மைக்குச் சொல்லுதேன். வடாலாவுல பின்சீட்டுள்ள வண்டி நிக்கிறது தெரிஞ்சா அது உன் வண்டி இல்ல. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் தாதர்ல வந்து நிக்கும்போதெல்லாம் உன் போன் அடிக்கும். சித்தி மவன், சித்தி மவனுக்குப் பொண்ணு குடுத்த வீடு, அவுக கொண்டு வார பனங்கிழங்கு மூட்டை. மாட்டுங்காவுல கல்யாணம்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உனக்கு வேலை அதுதான். ஆளு ஏத்துன டீசலுக்குக் காசு கேப்பியா? கேட்டா அடுத்த கல்யாணத்துல உனக்குச் சாப்பாட்டுப் பந்தியில அப்பளம் வராது. ஒத்தைக் கேபின்னா யாரும் கேக்க மாட்டான். மஞ்சள் நம்பர் பிளேட்டைப் பாத்ததுமே சொந்தக்காரன் பாசம் பாதி கொறைஞ்சிரும். மிச்சப் பாதி பாரம் ஏத்தணும்னு வந்து நிக்கும், அதுக்கு வாடகை வாங்கலாம்.

முடிவா ஞாயித்துக்கெழமை எங்கூட வா. ரே ரோட்டுக்குப் போயி உன் கடைக்காரன்கிட்ட ஒரு ஷீட்டை வாங்கி, ஷோரூம் வாசல்ல நிக்குத வண்டியில படுக்க வச்சுப் பாப்போம். சேல்ஸ்காரப் பையன் மொறைப்பான், மொறைக்கட்டும். பின்தட்டி மூடுச்சுன்னா அட்வான்ஸ் குடு. மூடலன்னா தண்ணி குடிச்சுட்டு வந்துருவோம். வண்டி வந்த அன்னைக்குச் செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில்ல பூசை. எலுமிச்சம்பழம் நான் வாங்கிட்டு வாரேன். 108 படியும் நீ ஏறி விபூதி கொண்டு வா, நான் கீழ வண்டியைப் பாத்துக்கிடுதேன்.

எடுக்கும்போது டிரைவரைச் சேத்து ரெண்டே சீட்டுள்ளதா எடு. மூணு சீட்டுள்ளது வேண்டாம்லே. நீ ஓட்டு, சன்னல் ஓரம் எனக்கு. நானும் வாரேன்னு ஒங்கத்தை கெளம்பினா, இது சரக்கு வண்டி அத்தை, ஆளு ஏத்தினா உச்ச நீதிமன்றம் கோவிச்சுக்கிடும்னு சொல்லு. நான் சொல்லச் சொன்னதா மட்டும் சொல்லிராத.