கேட்கும் பட்டியலும் காட்டும் பட்டியலும்

ஓர் இசை ரசிகர் மற்றொருவரிடம் "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று வினவினால், வினவப்பட்டவர் தாம் கேட்பதைச் சொல்வதில்லை என்பதும், தாம் கேட்பதாகப் பிறர் நம்ப வேண்டியதையே சொல்கிறார் என்பதும் இத்துறையின் அடிப்படை விதிகளாகும். முன்னதைக் கேட்கும் பட்டியல் என்றும் பின்னதைக் காட்டும் பட்டியல் என்றும் வகுத்துக்கொண்டால், ரசிகர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதையே என்பது விளங்கும்.

இப்பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. இலங்கை வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாடலைவிடத் தம் பெயர் வாசிக்கப்படுவதற்காகவே காத்திருந்தோர் உண்டு. 1980களில் விரும்பிய பாடல்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள் பெருகியபோது, 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடமே இடம் என்ற நெருக்கடியிலும், அத்தாளைப் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கக்கூடும் என்பதால் முதலிரு வரிகள் கௌரவமான பாடல்களுக்கு ஒதுக்கப்பட்டன. உள்ளார்ந்த விருப்பங்கள் 'பி' பக்கத்தில் குடியேறின.

ஓர் இசை வகையிலிருந்து மற்றொன்றுக்குள் நுழைய நுழைவுச்சீட்டு வேண்டும். கர்நாடக இசை ரசிகருக்கு ராகத்தின் பெயரே அச்சீட்டு. 'கவிக்குயில்' (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாடலும், 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தின் புகழ்பெற்ற காதல் பாடலும் ரீதிகௌளையில் அமைந்தவையாதலால், சபா கேன்டீனில் அவற்றைப் புகழ்பவர் சினிமாப் பாட்டைப் புகழ்ந்தவராகமாட்டார், ரீதிகௌளையை ஆராய்ந்தவராவார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' (1986) இன்னும் வசதியானது: கர்நாடக ரசிகர் தியாகராஜரையும், மேற்கத்தியச் செவ்வியல் ரசிகர் பாக்கையும், திரையிசை ரசிகர் ராஜாவையும் முன்னிறுத்தி அதே தொகுப்பைப் பரிந்துரைக்க, ஒருவர் பரிந்துரைத்ததை மற்றவர் புதிதாகக் கேட்க வேண்டிய தொல்லை எவருக்கும் நேர்வதில்லை.

இந்த நல்லிணக்கத்தைக் கலைத்தது கணினி. 2019இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, 30 நொடி ஒலித்த பாடலைக் கேட்டதாகவே கணக்கில் சேர்த்து, ஆண்டிறுதியில், அதாவது மார்கழிக் கச்சேரிகளுக்கு ரசிகர் பட்டுப்புடைவையும் ஜரிகை வேட்டியும் எடுத்துவைக்கும் அதே பருவத்தில், அவரவர் அதிகம் கேட்டவற்றைத் தொகுத்து நீட்டுகிறது. தோடி ஆலாபனையில் தோய்ந்தவராக அறியப்பட்டவரின் தொகுப்பில் கானாப் பாட்டு முதலிடம் பெறுவதும், இரைச்சல் மிகுந்த மெட்டல் இசையின் தூதுவராகக் கருப்புச் சட்டையில் உலவுபவரின் தொகுப்பில் பி. சுசீலா கோலோச்சுவதும் இதனால் வெளிப்படுகின்றன. அந்நிலையில் "குழந்தை கேட்டது" என்னும் விளக்கம் வழங்கப்படுகிறது. மணமாகாதவர் அக்காள் மகனைத் துணைக்கு அழைக்கிறார்.

பகிர்வைப் பெறுபவரின் கடமையும் மரபால் வரையறுக்கப்பட்டதே. நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவி வந்து சேர்ந்த நான்காம் நொடியில் "அற்புதம்" என்று பதில் அனுப்பி, பதிலுக்குத் தம் பட்டியலிலிருந்து ஒரு ஜாஸ் தொகுப்பை அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஒருவரின் மெய்யான ரசனையை அறிய விரும்பும் ஆய்வாளர் அவர் பகிர்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, குளியலறையில் அவர் பாடுவதைக் கேட்டுத் தீரவேண்டியிருக்கும் வீட்டாரை விசாரிப்பதே முறை. எனினும் அச்சான்றுகளை வெளியே விடலாகாது என்பதில் கர்நாடகம், கானா, மெட்டல், ஜாஸ் என எல்லாப் பிரிவினரும் ஒரே கருத்தினர். இசை வேலிகளைக் கடந்த ஒற்றுமை முழுமையாகக் கைகூடியிருப்பது இந்த ஒரு தீர்மானத்தில்தான்.