அழுவதற்கு மூன்று கூடங்கள்

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளியில் நடிப்புப் படிக்கச் சேர்ந்தால் வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கூடம், இரண்டு நாள் வகுப்பறை. எந்தக் கூடம் என்று மாணவர் ஆசைப்படலாம், தீர்மானிப்பது பள்ளி.

ஸ்ட்ராஸ்பெர்க் கூடமென்றால் சொந்த வாழ்க்கையின் துயரத்தைத் தோண்டியெடுத்து அழ வேண்டும். பதினெட்டு வயதில் அவ்வளவு கையிருப்பு இல்லாதவர்கள் கட்டண ரசீதை நினைத்துக்கொள்ளலாம். ஸ்டெல்லா ஆட்லர் கூடத்தில் அது ஆகாது. கற்பனையால்தான் அழ வேண்டும். அந்த அம்மாள் 1934-இல் பாரிஸில் இந்த நடிப்பு முறைகளுக்கெல்லாம் மூலவரான ரஷ்ய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் கேட்டுத் தெளிந்து வந்தவர். ஸ்ட்ராஸ்பெர்க் அதற்கும் அசையவில்லை. மைஸ்னர் கூடத்தில் எதிரே நிற்பவர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். அழுகை தானாக வந்துவிடும்.

கூடங்களுக்குப் பெயர் தந்த மூவரும் 1930-களில் ஒரே நாடகக் குழுவில் இருந்தவர்கள். மற்ற குழுக்களில் இப்படிப்பட்ட சண்டை வழக்கில் முடியும்; இங்கே பாடத்திட்டமாகி, மதிப்பெண்ணும் தருகிறது.

பட்டம் வாங்கியபின் மூன்று கூடத்தாரும் மன்ஹாட்டன் உணவகங்களில் தட்டேந்திச் சந்தித்துக்கொள்வதுண்டு. அங்கே மைஸ்னர் மாணவருக்குத்தான் யோகம்: வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை அப்படியே திருப்பிச் சொல்வதுதானே வேலை!