பேங்குல போட்றாதீங்ணா

என் பெரியப்பாவுக்கு ஈரோட்டில் லுங்கி மொத்த வியாபாரம். எண்பதுகளில் அவர் கடைக்கு வருகிறவர்கள் இன்று சரக்கை எடுத்துக்கொண்டு, அடுத்த மாதத் தேதியிட்ட செக் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். கூடவே ஒரு வேண்டுகோளும் வரும்: "நாஞ் சொல்றவரைக்கும் பேங்குல போட்றாதீங்ணா." பெரியப்பா அதைப் பயபக்தியோடு இரும்புப் பெட்டிக்குள் வைப்பார். அது பணமல்ல, பணம் தர வேண்டும் என்கிற நல்லெண்ணம் மட்டுமே என்பது இருவருக்கும் தெரியும்.

துணிந்து வங்கியில் போட்டால் அது தனிக்கதை. வெளிமாநிலச் செக் தபாலில் புறப்பட்டுப்போய்ப் பணமாகத் திரும்புவதற்குள், விற்ற லுங்கி சாயம் போயிருக்கும். கமிஷனும் பிடித்துக்கொள்வார்கள். சில செக்குகள் 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்ற துண்டுச் சீட்டோடு அப்படியே திரும்பி வரும். போன் போட்டால் மறுமுனையில் ஒரே ஆச்சரியம்: "அப்படிங்களா? என்ற கையெழுத்து மாறிப் போயிருச்சாட்ட இருக்குதுங்க!"

கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் சிறை என்று சொல்லும் 138ஆவது பிரிவு 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்பிறகு பணமில்லாத செக்குகள் குறைந்தனவோ இல்லையோ, கையெழுத்து மாறுகிறவர்கள் பெருகினார்கள். கையெழுத்து வேறுபாட்டால் திரும்பும் செக்குக்கும் அதே பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னபிறகுதான் பலருக்குக் கை நடுக்கம் நின்றது.

இப்போது கடை அண்ணன் கையில். கல்லாவில் க்யூஆர் அட்டை, பக்கத்தில் வந்த தொகையைக் கூவிச் சொல்லும் குட்டிப் பெட்டி. 2016இல் வந்த யுபிஐ, பணம் போய்ச்சேரும் நேரத்தை நொடியாக்கிவிட்டது. மனசு வரும் நேரத்தை அதனால் குறைக்க முடியவில்லை. "சர்வர் டவுனுங்ணா" என்பார்கள். சர்வர் எழுந்துவிட்டால், "ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல போகாதுங்களே" என்பார்கள்.

பாவம், செக்கும் திருந்தத்தான் பார்த்தது. 2011இல் சென்னையில் தாளை அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை வந்தது. மறு ஆண்டு செக்கின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2025 அக்டோபர் 4 முதல், போட்ட செக்குக்கு அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சவாரிக்கு ஆள் ஒழிந்தபிறகு ஓடக் கற்றுக்கொண்ட வண்டிமாடு அது.

செக் புத்தகத்தையே ஒழிக்கப்போகிறார்கள் என்று 2017 நவம்பரில் ஒரு வதந்தி கிளம்பி, நிதியமைச்சகம் மறுக்க வேண்டி வந்தது. பிரிட்டனில் வதந்தியே தேவைப்படவில்லை. 2018 அக்டோபரோடு செக்குக்கு முடிவு என்று 2009இல் நாளே குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2011இல் கைவிட்டார்கள்.

அண்ணன் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான். சில்லறைக்குக்கூட செல்போனை நீட்டுகிற பிள்ளை. சம்பளம் கணக்கில் ஏற வேண்டுமானால் 'கேன்சல்' செய்த செக் ஒன்று வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்காகவே செக் புத்தகம் வாங்கி, வாழ்க்கையின் முதல் செக்கைக் குறுக்கே கோடு கிழித்துக் கொடுத்தான். அடுத்து வண்டிக் கடன். தொகையும் தேதியும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்குகளைக் கடன் கொடுத்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலீட்டுக் கணக்குக்கு இன்னொரு 'கேன்சல்'. புத்தகம் மெலிந்துகொண்டே வருகிறது. அதிலிருந்து யாருக்கும் ஒரு ரூபாய் போகவில்லை. செக்கை ஒழிக்க நினைப்பவர்கள், ரத்து செய்து கொடுப்பதற்கு முதலில் வேறொரு தாளைக் கண்டுபிடிக்கட்டும்.