சூடிட்டுக் கொடு, மாப்ளே!

என்ன மாப்ளே, பத்திரக் கட்டோட காலையிலேயே கிளம்பிட்ட? ஓ, டல்லாஸ்ல இருக்கிற மூத்தவன் போன்ல சொல்லிட்டானாக்கும்: "லிவிங் டிரஸ்ட் போடுங்கப்பா, வேண்டாம்னா ரத்து பண்ணிக்கலாம்." நல்ல பிள்ளை! தோப்புக்குத் தண்ணி பாய்ச்சுறதை உனக்கு விட்டுட்டு, யோசனை சொல்றதைத் தான் எடுத்துக்கிட்டான்.

அந்த ஊர்ல உயில் வச்சுட்டுச் செத்தா, அது செல்லும்னு கோர்ட்டுல புரொபேட் வாங்கணும். மாசமும் ஓடும், பணமும் ஓடும். அதுக்குப் பயந்துதான் டிரஸ்ட். ஆனா நம்ம ராஜபாளையத்துல எழுதின இந்து உயிலுக்கு, சொத்தும் இங்கனயே இருந்தா, புரொபேட் கட்டாயமா இருந்ததே கெடையாது. அது பட்டணத்துத் தலைவலியா இருந்துச்சு. அதுக்கு நீ எதுக்கு மாத்திரை முழுங்குற?

இங்கயும் போடலாம், இல்லேங்கல. டிரஸ்ட் சட்டம் 1882-லயே வந்தாச்சு. ரத்து அதிகாரம் எனக்கேன்னு எழுதியும் வச்சுக்கிடலாம். ஆனா வீட்டையும் தோப்பையும் டிரஸ்ட்டுக்கு மாத்தப் பத்திரம் பதியணும், வருமான வரியும் உன் தலையிலதான் நிக்கும். நாலு மில்லு வச்சிருக்கிறவனுக்குச் சரி. உன் தோப்புல இருக்கிற மாமரத்தைவிட டிரஸ்ட்டுல பக்கம் ஜாஸ்தியா இருக்கும்போலயே!

சின்னவன் இப்பவே தன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கேக்குறானா? குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை நூத்துக்கு ஒண்ணு. 2023-ல இருந்து 40,000 ரூபாய்தான் உச்சம். மலிவுதான். மலிவாப் போறது யாருன்னு பாத்துக்க. "அன்பினாலும் பிரியத்தினாலும்"னு எழுத்தர் ஒரு வரி போடுவாரு. "இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது"ன்னு அடுத்த வரி. நீ ரேகை வச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள திண்ணை அவன் திண்ணை. மனசு மாறி நீயா ரத்துப் பத்திரம் போட்டா நிக்காது. "நெனச்சா திரும்ப வாங்கிக்கிடுவேன்"னு தானத்துல முன்கூட்டி எழுதினாலும் சட்டம் ஒத்துக்காது.

குமாரசாமி ராஜா வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தாரேம்ப. அவரு முதல் மந்திரியா இருந்தவரு, கொடுத்தது ஊருக்கு. கொடுத்தவனை ஊரு திண்ணையை விட்டு இறக்காது. உன் வீட்டுல அந்த ஜாமீன் யாரு தருவா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொண்ணு கட்டிட்டு, இத்தனை வருசமாப் பால்கோவா மட்டுந்தான் தின்னியா? பெருமாளுக்குப் போற மாலையை ஆண்டாள் முதல்ல தான் சூடிப் பாத்தா, அப்புறம்தான் கொடுத்தா. பெருமாளும் அதைத்தான் விரும்பி வாங்கிக்கிட்டாரு. பெருமாளுக்கே ஆகும்னா உன் பிள்ளைகளுக்கு ஆகாதா?

அதனால உயில் எழுது. ரெண்டு சாட்சி வேணும். பதியறது உன் இஷ்டம், பதிஞ்சிட்டா நல்லது. புத்தி தெளிவா இருக்கிறவரை எத்தனை தடவையும் மாத்தலாம், கடைசி உயில்தான் செல்லும். மூத்தவன் தேடுற ரத்து வசதி இதுலயே இருக்கு. பூர்வீகச் சொத்துன்னா உன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். மகளை மறந்துடாத, பூர்வீகத்துல பொண்ணுக்கும் பங்குன்னு 1989-லயே நம்ம மாநிலம் சட்டம் போட்டாச்சு. மறந்தவங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஜில்லாக் கோர்ட்டு இருக்கு.

செட்டில்மென்ட்தான்னு ஒத்தைக்கால்ல நின்னா, "ஆயுசு வரைக்கும் நாங்களே அனுபவிப்போம், எங்களைக் காப்பாத்தணும்"னு எழுத வை. 60 வயசு ஆனவங்கிட்ட அப்படி எழுதி வாங்கிட்டுக் கைவிட்டா, 2007 முதியோர் பராமரிப்புச் சட்டப்படி சிவகாசி ஆர்.டி.ஓ.கிட்ட மனுக் கொடுத்துப் பத்திரத்தையே செல்லாம ஆக்கலாம். நிபந்தனை எங்கேன்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டு கறாராக் கேட்டுச்சு, 2025-ல கொஞ்சம் இரக்கம் காட்டுச்சு. அந்த இரக்கத்தை நம்பி ரெண்டு வரியை மிச்சம் பிடிக்காத.

கடைசியா ஒண்ணு. உயில் எழுதிட்டேன்னு மட்டும் பயலுககிட்ட சொல்லு, யாருக்கு என்னன்னு மூச்சு விடாத. ரெண்டு பேரும் வாரம் தவறாம போன் பண்ணி, "சாப்பிட்டீங்களாப்பா?"ன்னு கேப்பானுங்க பாரு!