மௌனத்துக்கு மூச்சுவாங்கும் லப்டொப்

திருகோணமலைத் திருவிழா மேடைகளில் இப்போது கீபோட்காரருக்குப் பக்கத்தில் ஒரு லப்டொப்பும் உட்கார்ந்திருக்கும். பாட்டின் நடுவே அது 'டிக், டிக்' என்று விக்கினால் பழி முதலில் ஜெனரேட்டர்காரர் மேல், பிறகு வயர் மேல், கடைசியில் நாவூறு மேல்.

ஆள் பெரும்பாலும் ரிவேர்ப் பிளகின்தான். உட்துறைமுகக் காற்றில், கூரையே இல்லாத இடத்தில் பாடுபவரின் குரலுக்கு ஏதோ ஐரோப்பியத் தேவாலயத்தின் எதிரொலியைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது அதன் உத்தியோகம். 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர், அதாவது ஒரு தவணையில் கணக்குப் போடும் ஒலி மாதிரிகள், 128 என்றால் ஒவ்வொரு தவணைக்கும் சுமார் 2.7 மில்லிசெக்கன்தான் அவகாசம். பிந்தினால் 'டிக்'. பஃபரை 512 ஆக்கலாம். அவகாசம் 10 மில்லிசெக்கனைத் தாண்டும், சத்தமும் அவ்வளவு பிந்தும். கீபோட்காரர் சம்மதிக்கமாட்டார். ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஒன்பதுக்கு வந்தவர் அவர்.

சில பழைய பிளகின்களின் கூத்து வேறு. பாட்டு முழங்கும்போது சும்மா இருக்கும். முடிந்து எதிரொலி தேயும்போதுதான் புரொசெசர் எகிறும். தேயும் எதிரொலி பூச்சியத்தை ஒட்டிய நுண்ணெண்களாகிவிடும்; அவற்றைக் கையாளப் பல இன்டெல் சில்லுகளுக்கு வழமையைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அவற்றைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள் என்று சில்லுக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தபேலாக்காரரின் சம்பள விஷயத்தில் விழா அமைப்பாளர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.